சிவப்பு மையில் அடித்த வரி

இன்று காலை உன் அக்கா அனுப்பிய பார்சலைப் பிரித்தேன். மேலேயே நம் கடைசி வருட புராஜெக்ட் நோட்டு. பன்னிரண்டாம் பக்கத்தில் கை அப்படியே நின்றுவிட்டது. நீ இறந்துபோன செய்தி வந்த அன்றுகூட நான் இப்படி உடைந்துபோகவில்லை.

தொண்ணூறுகளின் பாளையங்கோட்டை வெயிலில், நம் கல்லூரியிலேயே குளிர்ச்சியான இடம் கம்ப்யூட்டர் ரூம்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போவோம். மின்சுற்றை எழுத்தாகவே எழுதும் வி.எச்.டி.எல். மொழி அப்போது நமக்குப் புதுசு. பதினாறு எண்களைக் கூட்டும் சுற்று தனக்குள் தன்னையே இரண்டு பிரதியாக வைத்துக்கொள்ளும்படி எழுதினாய். பிரதிக்கு எட்டு எண். எட்டு நாலாகும், நாலு இரண்டாகும், இரண்டில் நின்று கூட்டிவிடும்.

"லே, அஞ்சாறு வரிதாம்லே! எத்தன எண் குடுத்தாலும் அதுவே வளந்துக்கிடுது பாரு!" என்று குதித்தாய்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வந்த எக்ஸாமினர் ஆறு எண் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஆறு, மூன்று மூன்றானது. மூன்று, ஒன்றும் இரண்டுமானது. ஒன்று வந்தால் நிறுத்து என்ற வரி அதில் இல்லை. அந்த ஒன்று சைபரும் ஒன்றுமாகப் பிரிந்தது, மறுபடி பிரிந்தது, பிரிந்துகொண்டே போய் மிஷின் அசையாமல் நின்றுவிட்டது.

"யார் செஞ்ச தப்பு இது?" என்றார் அவர்.

"டைப் பண்ணது அவன் சார்" என்றேன், வாய் கூசாமல். நீ என்னை ஒரு தரம் பார்த்தாய். "என் தப்புதான் சார்" என்றாய்.

எனக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. மார்க் குறைந்த நீ அம்பாசமுத்திரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்தாய். பார்க்கும்போதெல்லாம் "ஒரு வரிய முழுங்குன பயல்லா நீ" என்பேன். நீயும் சிரிப்பாய்.

அந்த வரி பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறதடா. ஒன்று வந்தால் பிரிக்காதே, அப்படியே வெளியே விடு என்று, உன் குண்டு எழுத்தில். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் என் கோணல் கையெழுத்து: 'ஒற்றை எண்ணைக் கூட்ட என்ன இருக்கிறது? வேண்டாம்.' அடித்ததை நான் சுத்தமாக மறந்தே போயிருந்தேன்.

அக்காவுக்குப் போன் போட்டுத் தடுமாறித் தடுமாறிச் சொன்னேன்.

"ஒங்களுக்குத் தெரியாதா தம்பி? தெரிஞ்சேதான் கேலி பண்ணுதியன்னுல்லா அவன் கடேசி வரைக்கும் நெனச்சிட்டு இருந்தான்."

என்னை அப்படிப்பட்டவன் என்று நினைத்துக்கொண்டா என் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி பரிமாறினாய்?

தெரியாதுலே. சத்தியமாக எனக்குத் தெரியாது.