நீ ஓடிய கடைசிப் பந்து

மாப்ளே,

வண்டியின் இன்சூரன்ஸ் தாளைத் தேடி இன்று காலை பைக் பெட்டியைக் கிளறினேன். அடியில் நீ ஆடும்போது முழங்காலில் மாட்டுகிற நீ-கேப் கிடந்தது. எடுத்ததும் அந்த வலித்தைல வாடை. சூரமங்கலம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு மடையன் மாதிரி நின்றேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

நம் வாலிபால் டீமில் பதினோரு வருஷம் நீ செட்டர், அடிப்பவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன்; நான் பின்னால் நின்று சர்வீசை எடுப்பவன். பார்க்க வந்தவர்களுக்கு ஒரு விஷயம் கடைசி வரை புரியவில்லை. நான் எடுக்கும் பந்து நெட்டை ஒட்டி உன் தலைக்கு மேல் வந்துவிட்டால் நீ நகரவே வேண்டாம். முன்னால் கொடுப்பாயா, முதுகுக்குப் பின்னால் கொடுப்பாயா என்று எதிரணி முழிக்கும். அதையே நான் ஓரமாகத் தள்ளிவிட்டால் நீ ஓட வேண்டும், விழ வேண்டும், எட்டுகிற ஒருத்தனுக்குத் தூக்கிப் போட வேண்டும். ஜனம் கை தட்டுவது அதற்குத்தான். நான் காலை நகர்த்தாமல் கையை மட்டும் நீட்டுகிற சோம்பேறி என்பது உனக்கு மட்டுமே தெரியும். நீ யாரிடமும் சொன்னதில்லை. "உன் புண்ணியத்துலதான்டா எனக்குத் தொப்பை போடல" என்று சிரிப்பதோடு சரி.

புதுச்சத்திரம் பொங்கல் போட்டியில், இறுதி ஆட்டத்துக்கு முன், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூப்பிட்டாய். முகமெல்லாம் வேர்வை.

"நெஞ்சு ஒரு மாதிரி பிடிக்குது மாப்ளே. பந்தை மட்டும் தலைக்குக் குடு, நின்ன எடத்துலயே ஆடிக்கறேன். யாருகிட்டயும் சொல்லாத."

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே காரில் ஆறு பேர் வந்திருந்தோம், ஏழாவது ஆள் இல்லை. நீ உட்கார்ந்தால் கோப்பை போச்சு. சரி என்று தலையாட்டினேன். சொல்ல வாய் கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது.

முதல் இரண்டு செட்டும் காலை நகர்த்தி ஆடினேன். பந்துகள் உன் தலைக்கே வந்தன. "செட்டர் கல்யாண மாப்பிள்ளையாட்டம் நிக்கறாருங்கோ" என்று மைக் பிடித்தவர் கிண்டல் செய்தார். ஆளுக்கொரு செட் ஆனது. மூன்றாவதில் நான் களைத்துவிட்டேன். இடது பக்கம் வந்த ஒரு சர்வீசுக்குப் பழைய புத்தியில் கையை நீட்டினேன். பந்து ஸ்கோர் மேசைப் பக்கம் பறந்தது. நீ விட்டிருக்கலாம். பதினோரு வருஷப் பழக்கம், ஓடிவிட்டாய். தலைக்கு மேலே பின்னால் தூக்கிப் போட்டாய், நம் ஆள் அடித்தான், பாயிண்ட். எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். நீ மேசையடியிலிருந்து எழவில்லை. நாமக்கல் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த ஓட்டத்தைத்தான் ஊரே பேசுகிறது. அஞ்சலி பிளக்ஸிலும் நீ ஓடுகிற படம்தான். ஏன் ஓட வேண்டி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. உன் மனைவி மட்டும், கருமாதி முடிந்த மறுநாள் கேட்டாள்.

"ஏனுங்ண்ணா, அன்னிக்கு நெஞ்சு வலின்னு உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"இல்லையே அம்மணி" என்றேன்.

"சொல்லியிருந்தா நீங்க ஆட உட்டிருக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் எனக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தாள். குடித்தேன் மாப்ளே. இன்னும் உன் வீட்டுக்குப் போகிறேன், இன்னும் அவள் காபி கொடுக்கிறாள்.