மைக்கில் வரும் பெயர்கள்

தை 4, திங்கள்
காலையில் நல்ல பனி. தீப்பெட்டி ஒட்டிய பசை காயவே இல்லை. அச்சாபீசில் வேலை பார்க்கும் அண்ணன் கொடுத்த டைரி இது. சித்திரை மாதம் இரண்டு தரம் அச்சாகிவிட்டதாம், விலை போகவில்லை. “சும்மா எதையாச்சும் எழுது வடிவு” என்றான். சரி, பேச ஆள் இல்லாதவளுக்கு இதுவாவது.

பொங்கல் சடுகுடுப் போட்டி இன்று ஆரம்பம். போன வருஷம் போலவே மைக் என் வீட்டுக்காரரிடம். வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் எங்கள் அடுப்படியைப் பார்த்தபடி. பருப்பு வேகும்வரை கேட்டேன். “நடுவர் ஐயா, கண்ணாடிய வீட்ல வச்சிட்டு வந்துட்டீகளா? கோட்டைத் தாண்டுனது எனக்குத் தெரியுது, ஒங்களுக்குத் தெரியலையா?” கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. நானும் சிரித்தேன், கரண்டியோடு.

தை 5, செவ்வாய்
வெயில். பெட்டி ஒட்டும் வேலை பாதிதான் முடிந்தது. கை ஓடவில்லை.

இவர் நேற்று வீட்டில் பேசியவை: தண்ணி. சட்டை எங்க. ம்.

“இன்னைக்கு யாரு செயிச்சா?” என்று நானாகக் கேட்டேன். “கேக்கலையா? அதான் மைக்ல சொன்னேன்லா” என்றார். மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பாலை ஒரே மூச்சில் குடித்தார். தொண்டைக்காக. படுத்துவிட்டார்.

பகலெல்லாம் இவருக்குப் பட்டாசு ஆபீசில் மருந்து கலக்கும் ரூமில் வேலை. அங்கே யாரும் வாயைத் திறக்கக் கூடாதாம், கவனம் சிதறுமாம். மாலையில் அத்தனை பேச்சும் மைக்குக்கு. மிச்சம் மீதி இருந்தால் எனக்கு. மிச்சம் இருப்பதில்லை.

தை 7, வியாழன்
பக்கத்து வீட்டுப் பாக்கியம் மதினி இட்லிப்பொடி கேட்டு வந்தாள். “கொடுத்து வச்சவடி நீ. அவுக மைக்லயே இம்புட்டுச் சிரிக்க வைக்காக, வீட்ல ஒரே சிரிப்பாணியாத்தான இருக்கும்?” ஆமா என்று சொல்லி வைத்தேன்.

டீக்கடை ரேடியோவில் கிரிக்கெட் ஓடினால் இவர் போய் நிற்பார். எல்லாம் இங்கிலீஷ். ஒரு வார்த்தை புரியாது. எங்கே குரலை ஏற்ற வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். அதில் கெட்டிக்காரர்தான்.

தை 8, வெள்ளி
தலைக்குக் குளித்தேன். மதினியோடு முதல் தரம் மைதானத்துக்குப் போனேன். பெண்கள் வேப்பமரத்துப் பக்கம், சாக்கு விரித்து.

அச்சங்குளத்து டீமில் ஓர் ஒல்லியான ஆள். பாடிப் போகிற ஒவ்வொரு தரமும் பிடிபடுகிறான். இவர் விடவில்லை. “அச்சங்குளத்துக்காரக, அவருக்கு மொதல்ல சோறு போடுங்க, பெறகு ஆட விடுங்க!” அந்த ஆள் மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்த மாதிரி நின்றான். நான் மட்டும் சிரிக்கவில்லை.

பிடித்த ஆட்டக்காரனுக்கு யார் வேண்டுமானாலும் அன்பளிப்பு கொடுக்கலாம். சீட்டில் தன் பெயர், யாருக்கு, எவ்வளவு என்று எழுதி ரூபாயோடு கமிட்டிக்கு அனுப்ப வேண்டும். இவர் வாசிப்பார். “சீட்டுல என்ன இருக்கோ அதை அப்படியே வாசிப்பேன், ஆளு பாத்து மாத்த மாட்டேன்” என்று மைக்கிலேயே பெருமை. மதினி எட்டணா கொடுத்தாள். “விஸ்வநத்தம் தந்த தாராள உள்ளம், பாக்கியம் அம்மாள் அவர்கள்!” ஊரே கை தட்டியது. மதினி முக்காடு போட்டுக்கொண்டாள், சந்தோஷத்தில்.

எனக்குப் பொறாமை. கல்யாணமாகி நாலு வருஷம். இவர் வாயில் என் பெயர் வந்ததில்லை. கூப்பிடுவதெல்லாம் “இந்தா”, அவ்வளவுதான் நான்.

தை 9, சனி
வாங்க வேண்டியது: மிளகு, பசைக்கு மைதா, மண்ணெண்ணெய்.
மண்ணெண்ணெய் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். பெட்டி ஒட்டிய காசில் ஒரு ரூபாய் தனியாக எடுத்து வைத்தேன்.

சீட்டு எழுதி மூன்று தரம் கிழித்தேன். பைத்தியமா எனக்கு? நாளைக்குக் கடைசி நாள். அப்புறம் அடுத்த தைக்குத்தான் மைக். ஒரே ஒரு தரம் அந்தக் குரலில் என் பெயரைக் கேட்டால் போதும்.

தை 10, ஞாயிறு
காற்று. மைதானமெல்லாம் புழுதி. அச்சங்குளம் தோற்றது. ஒல்லி ஆள் கடைசியில் ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டான். நான் எழுந்தே நின்றுவிட்டேன். மதினி கையில் சீட்டையும் ரூபாயையும் கொடுத்தனுப்பினேன்.

இவர் சீட்டைப் பிரித்தார். “இதோ! நம்ம அச்சங்குளத்து ஒல்லிக்கு ஒரு ரூபாய் அன்பளிப்பு! வழங்குபவர்...”

குரல் நின்றது. மைக் மட்டும் கொய்ங் என்றது. பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். என்னைத்தான்.

“வழங்குபவர், பேர் சொல்ல விரும்பாத ஒரு நல்ல உள்ளம்!”

கை தட்டினார்கள். அந்த ஆள் யாரென்று தெரியாமல் நாலு பக்கமும் கும்பிட்டான்.

மதினி என் தோளைத் தட்டினாள். “ஏ வடிவு, பேரு எழுத மறந்துட்டியா?”

சண்முகவடிவு, விஸ்வநத்தம். கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்.

“ஆமா மதினி, மறந்துட்டேன்.”

வீட்டுக்கு வந்தார். தொண்டை சுத்தமாகக் கட்டியிருந்தது. சாப்பிட்டார். அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பால் காய்ச்சலையா?”

ம், என்றேன்.