மழைக்கும் அசையாத எண்

அனுப்புநர்:
பொறுப்பாளர்,
மழலையர் காப்பகம்,
நகர அலுவலகத்துக்கு எதிர்ப்புறம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கதிர்வீச்சுக் கண்காணிப்பு மற்றும் அணு அவசரகால ஆயத்தத் துறை,
தலைமையகம்.

பொருள்: சாமான் அறைக்குக் குடிபோய்விட்ட கதிர்வீச்சு அளவியை மீண்டும் மொட்டைமாடியில் வைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் காப்பகத்தில் பாதிப் பேருக்கு நடக்கத் தெரியாது. மீதிப் பேருக்கு ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது. தூக்கிக்கொள்ள நாங்கள் மூன்று பெண்கள்தான். அணுமின் நிலையம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. எதிரே நகர அலுவலக மாடியில் உள்ள அளவி காட்டும் கதிர்வீச்சு எண், அதன் வாசல் பலகையில் எச்சரிக்கை அளவைத் தாண்டினால் ஜன்னல்களை அடைத்துப் பிள்ளைகளை உள்ளறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது தங்கள் துறையின் அறிவுரை. அந்தப் பலகையைப் பார்க்காமல் நான் முற்றத்துக் கதவைத் திறப்பதில்லை.

2. எதையும் தோண்டித் துருவிக் கேட்பது என் வழக்கம். என் கணவர் இதை வியாதி என்பார். மழை பெய்யும்போதெல்லாம் பலகையில் எண் கொஞ்சம் ஏறுவதைக் கண்டு, அவசரகால ஒத்திகைக்கு வந்த தங்கள் பொறியாளரிடம் காரணம் கேட்டேன். காற்றில் இயற்கையாகவே உள்ள கதிரியக்கத் துகள்களை மழை தரைக்குக் கொண்டுவருகிறது, சில மணி நேரத்தில் தானாக இறங்கிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்று பொறுமையாகச் சொன்னார். அன்றிலிருந்து மழை வந்தால் எனக்குப் பலகையைப் பார்ப்பதுதான் வேடிக்கை.

3. ஆனால் தெருவில் எல்லோருக்கும் அப்படியில்லை. நாங்கள் 'வானொலி மாமா' என்று அழைக்கும் பெரியவர், எண் ஏறியவுடன் வீடுவீடாக ஒலிபரப்பிவிடுவார். நகர அலுவலகத்துத் தொலைபேசி ஓயாது.

4. இந்த மழைக்காலத்தில் எண் அசையவே இல்லை. சென்ற வாரம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பலகை கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது. மனம் கேட்காமல் நகர அலுவலகத்து மாடியேறிப் பார்த்தேன். அளவி இருந்த கம்பத்தில் தரை துடைக்கும் துணி காய்ந்துகொண்டிருந்தது. அளவியோ கீழே சாமான் அறையில், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே இருந்தது. வயரை மட்டும் ஜன்னல் வழியாக இழுத்திருந்தார்கள். அலுவலகக் காவலாளி அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மழை வந்தாத்தான் நம்பர் ஏறுது, அப்போ ஈரம் பட்டுத்தான கெடுது? அதான் உள்ள எடுத்து வெச்சேன்மா. இப்ப ஒருத்தர்கூட போன் பண்றதில்ல."

5. அவர்மீது நடவடிக்கை வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நல்லெண்ணத்தில் செய்தார், அதைத் துடைத்துச் சுத்தமாகவும் வைத்திருக்கிறார். எனக்குப் புரியாதது வேறு. எல்லா ஊர் எண்களும் தலைமையகத்துக்கு வருவதாகப் பொறியாளர் சொன்னார். சுற்றிலும் உள்ள ஊர்களில் ஏறி, எங்கள் ஊரில் மட்டும் ஏறாததை அங்கே யாரும் கவனிக்கவில்லையா? கவனித்தவர், எங்கள் ஊர் பத்திரமான ஊர் என்று நினைத்துக்கொண்டாரா? காங்கிரீட் கூரைக்கு அடியில் இருக்கும் அளவி, வெளியே முற்றத்தில் மண்ணளையும் பிள்ளைக்கு என்ன சொல்லும்? இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை, ஐயா.

6. ஆகவே, அளவியை மாடியிலேயே வைத்துச் சரிபார்க்கவும், மழையில் எண் சற்று ஏறுவது இயல்பு என்று பலகைக்குக் கீழே எல்லோருக்கும் புரியும்படி எழுதிவைக்கவும் ஆணையிட வேண்டுகிறேன். அந்த வரியை ஊர் முழுக்கப் பரப்பும் பொறுப்பை வானொலி மாமா ஏற்றுக்கொண்டுவிட்டார்.

7. அதுவரை முற்றத்துக் கதவைப் பூட்டி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அதைத் தட்டித் தட்டி அழுகிறார்கள். அடுத்த மழையில் குடையோடு பலகைக்கு எதிரே நிற்பேன். எண் ஏற வேண்டும், ஐயா. ஏறி இறங்குவதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் கதவைத் திறப்பேன்.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
காப்பகப் பொறுப்பாளர்

இடம்: காப்பகத்தின் உள்ளறை
நாள்: திங்கட்கிழமை, வானம் மூடியிருக்கிறது