எட்டுப் பேரில் ஒருவன்

புதுச்சேரி,
3 நவம்பர் 1954

மகன் கலியமூர்த்திக்கு அப்பா எழுதுவது.

எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. உன் அம்மா சுகம். என் சங்கதி பின்னால் வருகிறது.

உன் கடிதம் நேற்று கிடைத்தது. ஆகஸ்டு மாதமே உன்னை விடுதலை செய்துவிட்டார்களாம். சைகோன் ஆஸ்பத்திரியில் உடம்பு தேறியதாம். செப்டம்பரில் இன்னும் ஐந்து வருஷத்துக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாயாம், அடுத்தது அல்ஜீரியாவாம். உன் அம்மா, "புள்ள பொழச்சிட்டான்" என்று தபால்காரர் கையில் வெல்லம் கொடுத்தாள். நான் கடிதத்தில் இருந்த தேதிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம் உங்கள் கோட்டை விழுந்து நீங்கள் சரணடைந்த செய்தி வந்ததிலிருந்து உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. போன மாதம் பதினெட்டாம் தேதி, இந்த ஊர் இந்தியாவோடு சேருவதா என்று கவுன்சிலர்களை எல்லாம் கீழூருக்கு அழைத்து ஓட்டுப் போடச் சொன்னார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் பிரெஞ்சுக்காரர் பக்கத்து ஆள் ஒருவன் பெரிய மார்க்கெட்டில் என் வெற்றிலைக் கடைக்கு வந்தான். கைதிகளை மீட்கப் பட்டியல் போடுகிறார்கள், பிரெஞ்சுக்காரரை எதிர்த்து ஓட்டுப் போடுகிற வீட்டுப் பிள்ளையின் பெயர் அதில் கடைசிக்குப் போய்விடும், ரகசிய ஓட்டானாலும் யார் எப்படிப் போட்டார்கள் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும் என்றான். "யோசிச்சிக்குங்க கவுன்சிலரே" என்று சொல்லி, ஒரு கவுளி வெற்றிலையும் வாங்கிக்கொண்டு போனான்.

நூற்று எழுபத்தெட்டுப் பேர் ஓட்டுப் போட்டோம். நூற்று எழுபது பேர் இந்தியா என்றார்கள். எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். அந்த எட்டில் ஒருவன் உன் அப்பன்.

அன்றைக்கு நீ விடுதலையாகி இரண்டு மாதம். ஒரு தந்தி கொடுக்க உனக்குக் கை வரவில்லை.

சுதந்திரம் கேட்டு ஊர்வலம் போய் அடிபட்டவன் நான். என்னோடு அடிபட்ட தெய்வசிகாமணிக்கு வலது கை இன்னும் தோளுக்கு மேல் எழும்பாது. அவர் நடுத்தெருவில் நின்று, "அந்த எட்டுல நம்ம சாமிக்கண்ணு இருக்க மாட்டாரு, எம்மேல சத்தியம்" என்றார். முந்தாநாள் கொடி மாறியபோது எனக்கு மாலை போட வந்தார். அவர் கை எட்டாது என்று நானே தலையைக் குனிந்து கொடுத்தேன், வெட்கங்கெட்டவன்.

ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு, அவனிடம் விட்ட நாட்டைத் திரும்பப் பிடிக்கிறோம் என்று பிரெஞ்சுக்காரர்கள் உன்னைச் சைகோனுக்குக் கூட்டிப்போனார்கள். பத்தொன்பது வயசு, தெரியாமல் போனாய் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். இப்போது உனக்கு இருபத்தேழு. அவர்கள் இங்கிருந்தே மூட்டை கட்டிவிட்டார்கள். நீ அவர்களுக்காக இன்னொருவன் ஊரில் துப்பாக்கி தூக்கப் போகிறாய். அங்கேயும் பிள்ளையைத் தேடுகிற அப்பன்மார் இருப்பார்கள். அவர்கள் கடைக்கும் ஓர் ஆள் வருவான்.

போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியுமா, எனக்குத் தெரியாது. காலில் விழுந்தாவது கேட்டுப் பார். நீ வந்து வாசலில் நின்றால் தெய்வசிகாமணியைக் கூப்பிட்டு, இவன் உயிருக்காகத்தான் செய்தேன் என்று உன்னைக் காட்டிச் சொல்லிவிடுவேன். நீ வராவிட்டால் நான் எதைக் காட்டுவது?

உனக்கு ஆசீர்வாதம் எழுதச் சொல்லி அம்மா பக்கத்தில் நிற்கிறாள். எழுதிவிட்டேன், அது அவளுடையது. என்னுடையதை நேரில் வந்து வாங்கிக்கொள்.

அப்பா,
சாமிக்கண்ணு