ஒன்று என்றால் முதல் இடம்

மார்ச் 4, புதன்

இன்று ஒரு முழுப் பக்கம் எழுதப் போகிறேன். எழுபத்திரண்டு வயதில் வந்த எழுத்து, மெதுவாகத்தான் நடக்கும். நேற்று மாலை வகுப்பில் ‘வீட்டில் யாரும் இல்லை’ என்று எழுதச் சொன்னார்கள். நான் ‘யாரும் இலை’ என்று எழுதிவிட்டேன். டீச்சருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “ஐயா, ஒரு ‘ல்’ குறைஞ்சா அது மரத்துல தொங்கும்!” இருபது முறை எழுத வைத்தார். இல்லை, இல்லை, இல்லை. இப்போது கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன்.

பத்து மணிக்கு நர்ஸ் வந்தாள், கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற. புதன்கிழமை மட்டும்தான் இந்த வீட்டில் இரண்டு நாற்காலிக்கும் வேலை. நோட்டைக் காட்டினேன். “டாக்டர் எழுத்தைவிட நல்லா இருக்குப்பா” என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

மகன் போன் செய்தான். நான்கு நிமிடம். நான் எழுதுவதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

மார்ச் 18, புதன்

கிளினிக்கில் ஓர் ஆய்வுக்காரப் பெண். நர்ஸை வீட்டுக்கு அனுப்புவதை இந்தப் பகுதியில் சோதனையாகத்தான் செய்கிறார்களாம். பலன் உண்டா என்று நாற்பது நோயாளிகளிடம் கேட்டு அவர் அறிக்கை தருவார். அதை வைத்துத்தான் நீட்டிப்பதா நிறுத்துவதா என்று சுகாதாரத் துறை முடிவு செய்யுமாம்.

“நான் வாசிச்சுச் சொல்லட்டுமா ஐயா?”

“எனக்கே வாசிக்கத் தெரியும்மா.”

அடடா, என்ன மிடுக்கு எனக்கு! எட்டுக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். எல்லாவற்றிலும் ஒன்றை வட்டமிட்டேன். மகன் வகுப்பில் முதலாவதாக வந்தபோது அட்டையில் ஒன்று என்றுதானே போட்டிருந்தார்கள்? நர்ஸுக்கு முதல் இடம்.

பெஞ்சில் இருந்தவர்கள் வீட்டுக்கும் இதே நர்ஸ்தான் போகிறாள். அவர்கள் என்னை விடவில்லை. “அண்ணே, எனக்கும் போட்டுக் குடுங்க. பிரமாதம்னு போடுங்க.” என்னுடையதையும் சேர்த்துப் பதினொரு படிவம். முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் ஓட்டினேன். ஏறியவர்கள் எல்லோரும் கதவைப் பார்த்துத்தான் நின்றார்கள். இன்றுதான் என்னைச் சுற்றி நின்றார்கள்.

மே 6, புதன்

“அடுத்த மாசத்தோட நான் வர மாட்டேன்பா. அறிக்கை வந்துடுச்சு. நோயாளிங்களுக்கு என்னைப் பிடிக்கலையாம்.” நர்ஸ் கட்டுப் போட்டு முடிக்கும் வரை தலை நிமிரவில்லை.

யார் அந்தப் பாவிகள்?

மே 7, வியாழன்

கிளினிக் பலகையில் அறிக்கையின் சுருக்கத்தை ஒட்டியிருந்தார்கள். விரல் வைத்து வாசித்தேன். ‘நாற்பது பேரில் பதினொருவர் எல்லாக் கேள்விக்கும் 1, அதாவது மிக மோசம்.’

பதினொருவர்.

வெற்றுப் படிவம் ஒன்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். அடியில் எறும்பு எழுத்தில் இருக்கிறது: 1 மிக மோசம், 5 மிக நன்று. அடேய், ஒண்ணாம் மாடி கீழதான் இருக்கும்னு உனக்குத் தெரியாதா? முப்பத்தஞ்சு வருஷம் லிஃப்டுல என்னத்தடா பண்ணினே?

மே 11, திங்கள்

மூன்று நாளாக எழுதிய கடிதத்தை ஆய்வுக்காரரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். என் முதல் கடிதம், அதுவும் மன்னிப்புக் கடிதம். இரண்டு முறை வாசித்தார்.

“திருத்திடுங்கம்மா.”

“நானா மாத்தினா அது ஆராய்ச்சி இல்லங்கய்யா, பொய். திரும்ப அவங்ககிட்டயே போய்க் கேக்கணும். புண்ணு எத்தனை நாள்ல ஆறிச்சுன்னு பதிவேட்டையும் பாக்கணும். ஆனா நீங்க பேனாவைத் தொடக் கூடாது.”

“சத்தியமா தொட மாட்டேன்.”

மே 20, புதன்

கிளினிக்கில் நுழைந்ததும், “ஒண்ணாம் நம்பர் வர்றாருப்பா, வழி விடுங்க!” பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் சிரிக்கவில்லை.

ஜூன் 24, புதன்

நர்ஸ் வாசலில் நின்றே கத்தினாள். “அப்பா, நிறுத்தலையாம்! எல்லா ஊருக்கும் வருதாம்!” நர்ஸ் போன வீடுகளில் புண் பாதி நாளில் ஆறியிருக்கிறது என்று புதிய அறிக்கை சொல்கிறதாம். கூடவே ஒரு விதி: புண் ஆறியவர் வீட்டுக்குப் போவதை நிறுத்தி, அந்த நேரத்தைக் காத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும்.

அவள் என் காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தோல் மூடி மூன்று வாரம் ஆகிறது. அவள் புதுக் கட்டுத் துணியை எடுத்தாள், நான் காலை நீட்டினேன்.

ஜூலை 8, புதன்

புதிய படிவம் கொண்டுவந்தாள். பெரிய எழுத்து. எண்களே கிடையாது, எல்லாம் சொற்கள். அடியில் எறும்பு எழுத்து உண்டா என்றுதான் முதலில் தேடினேன். கிடையாது. எட்டுக் கேள்விக்கும் ‘மிக நன்று’.

ஒன்பதாவது புதிது. ‘இந்தச் சேவை உங்களுக்கு இன்னும் தேவையா? உங்கள் கையால் எழுதவும்.’

“அடுத்து யாரும்மா?” என்று கேட்டேன்.

“ஒரு அம்மா. மூணாவது மாடி. கீழ இறங்க முடியாதுப்பா.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அவசரமில்ல, மெதுவா எழுதுங்க.”

மெதுவாகத்தான் எழுதினேன்: இல்லை. ஒரு ‘ல்’ கூட விடவில்லை.