டிரெய்லர் மாட்டியதும் உயர்ந்துபோன ஏணி குறித்து

அனுப்புநர்:
பெண்கள் உடை தைக்கும் தையற்காரி,
பெயின்டர் வீடு, முன் அறை,
தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்:
சாலைப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
வாகன அனுமதிப் பிரிவு.

பொருள்: சுரங்கப் பாதைத் தடுப்புக் கம்பியில் ஏணி மோதியது தொடர்பாக, என் மருமகள் பொய்யான உயரம் கொடுத்தார் என்றும் பிறகு ஏணியைத் தாழ்த்திக் கட்டி ஏமாற்றினார் என்றும் எழுதப்பட்டுள்ள குறிப்பை நீக்கி, அவருடைய ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய அய்யா,

1. என் மகன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். அவனுக்கு வண்டி ஓட்ட வராது. மருமகள்தான் காரை ஓட்டுகிறாள். காரின் கூரைக் கேரியரில் நீள ஏணி இருக்கும். பின்னால் கொக்கியில் மாட்டிய சிறிய டிரெய்லரில் பெயின்ட் டிரம்களும் புட்டி மூட்டைகளும் இருக்கும். அவள் உரிமம் தங்கள் மேசையில் இருக்கும்வரை இந்த வீட்டில் யாருக்கும் வேலை இல்லை. என் தையல் வருமானம் நூலுக்கும் ஊசிக்கும் காணும்.

2. கூரையில் சாமான் ஏற்றித் தங்கள் சுரங்கப் பாதை வழியாகப் போகிறவர்கள் மொத்த உயரத்தை எழுதிக் கொடுத்து, அனுமதி வில்லை வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்பது விதி. அந்த உயரத்தை அளந்தவள் நான். இஞ்சு டேப் பிடித்தே தலை நரைத்தவள் என்பதால் என்னை அழைத்தார்கள். எங்கள் தொழிலில் அளவெடுக்கும் முன் சால்வை, கைப்பை, மேலே போட்டிருக்கும் குளிராடை எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்வது வழக்கம். அதே பழக்கத்தில், "அந்த வால இழுத்து ஓரமா விடுங்க, அப்பதான் சரியா அளக்க முடியும்" என்று சொல்லி டிரெய்லரைக் கழற்றவைத்தேன். ஏணியின் முன் நுனிவரை அளந்தேன். வில்லையில் இருப்பது அந்த அளவுதான். அதில் ஒரு நூல்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

3. சம்பவத்தன்று ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட் அடிக்க டிரெய்லர் நிறையச் சுமையோடு புறப்பட்டார்கள். சுரங்கப் பாதைக்கு முன்னால் சங்கிலியில் தொங்கும் கம்பியில் ஏணியின் முன் நுனி இடித்தது. மருமகள் மெதுவாகத்தான் வந்திருக்கிறாள். கம்பி லேசாக வளைந்ததோடு சரி, ஆளுக்கோ வண்டிக்கோ சேதம் இல்லை. அங்கேயே தங்கள் ஆய்வாளர் அளந்து பார்த்தார். வில்லையில் உள்ளதைவிட மூன்று விரல் அதிகம் இருந்தது. டிரெய்லரைக் கழற்றி எங்களிடம் விட்டுவிட்டு, காரை மட்டும் தங்கள் அலுவலக வளாகத்துக்குக் கொண்டு போனார்கள்.

4. மறுநாள் வளாகத்தில் இன்னொரு அலுவலர் அளந்தார். வில்லையில் உள்ள அளவு அப்படியே இருந்தது! உடனே, யாரோ உள்ளே புகுந்து ஏணியை இறக்கிக் கட்டிவிட்டார்கள் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். காரைக் கொடுத்துவிட்டார்கள், உரிமத்தை வைத்துக்கொண்டார்கள். அய்யா, தங்கள் அலுவலர்கள் இருவரில் யாரையும் நான் குறை சொல்லவில்லை. இருவரும் சரியாகத்தான் அளந்திருக்கிறார்கள். நானும் சரியாகத்தான் அளந்தேன். அப்படியானால் அந்த மூன்று விரல் எங்கிருந்து வந்தது, எங்கே போனது? இந்தக் கேள்வி வந்த நாளிலிருந்து எனக்குத் தையலில் கவனம் நிற்கவில்லை. ஒரு ரவிக்கைக்கு இரண்டு இடக்கை வைத்துத் தைத்துவிட்டேன்.

5. ஏணி கட்டிய கயிற்றின் முடிச்சு நழுவாமலிருக்க, அதன் மேல் சிவப்பு நூலால் நாலு தையல் போட்டுவிடுவது என் வழக்கம். மகன் சிரிப்பான், நான் கேட்பதில்லை. கார் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தத் தையலைப் பார்த்தேன். ஒன்றுகூட அறுபடவில்லை. தங்கள் வளாகக் காவலரையும் போய்க் கேட்டேன். "உள்ள ஒரு நாய்கூட வரலம்மா, நான் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றார். ஏணி அசையவே இல்லை என்பது அப்போதே உறுதியாயிற்று.

6. பிறகு எங்கள் முற்றத்தில் செய்து பார்த்ததைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். காரைத் தனியாக நிறுத்தி, ஏணியின் முன் நுனியிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டு, அதன் அடியில் நூல் சுற்றிய பாபின் ஒன்றைக் கட்டினேன். பாபின் தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அடுத்து, சம்பவத்தன்று இருந்த அதே சுமையோடு டிரெய்லரைக் கொக்கியில் மாட்டச் சொன்னேன். காரின் பின்பக்கம் உஸ்ஸென்று அமுங்கியது. பாபின் தரையை விட்டு மேலே ஏறிக்கொண்டது. அடியில் விரலை வைத்துப் பார்த்தேன்: மூன்று விரல். கழற்றினால் இறங்கியது, மாட்டினால் ஏறியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அடியே, இங்க வந்து பாரேன்!" என்று நான் போட்ட சத்தத்தில் மருமகள் அடுப்பை அணைக்காமல் ஓடிவந்தாள், அன்றைக்குக் குழம்பு தீய்ந்தது வேறு கதை.

7. காரணம் இவ்வளவுதான் அய்யா. பின்பக்கம் அமுங்கினால் முன்பக்கம் தூக்கும். ஏணியோ காரின் மூக்கையும் தாண்டி நீண்டிருப்பது. அதன் நுனி இன்னும் கூடுதலாகத் தூக்கும். இதற்கு முன்பு பலமுறை அதே கம்பிக்கு அடியில் போனபோது டிரெய்லர் அநேகமாகக் காலியாக இருந்திருக்கிறது. இந்த முறை சுமை அதிகம். எல்லா டிரம்களும் டிரெய்லரின் முன்பக்கத்தில், கொக்கியை ஒட்டி இருந்தன. கனத்தை முன்னால் வை என்று டிரெய்லர் விற்றவர் சொன்னாராம். என் மருமகள் ஒன்றைச் செய் என்றால் ஒன்பதாகச் செய்வாள். மொத்தத்தையும் முன்னால் அடுக்கிவிட்டாள்.

8. அப்படியானால் டிரம்களைப் பின்னால் தள்ளினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. தள்ளினோம். பாபின் சமர்த்தாகத் தரைக்கு வந்துவிட்டது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பால் வண்டி ஓட்டுநரை (உரிமம் உள்ளவர், தாங்கள் கவலைப்பட வேண்டாம்) ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். ஆளில்லாத மைதானத்தில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் டிரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது. ஆட்டம் கூடிக்கொண்டே போய்க் காரின் பின்பக்கத்தையும் இழுத்தது. "நிறுத்துங்கண்ணே, மெதுவா, பிரேக்க அழுத்தாதீங்க!" என்று மருமகள் கத்தினாள். அவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டியை நிறுத்துவதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது. என் யோசனையோடு அவர்கள் சாலைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்! கடைசியில் டிரம்களைச் சக்கரத்துக்கு நேர் மேலே, சற்றே முன் தள்ளி வைத்து, சில மூட்டைகளை இறக்கிவிட்டோம். இப்போது ஆட்டம் இல்லை. பாபின் அரை விரல்தான் ஏறுகிறது.

9. இன்னும் சில சந்தேகங்கள் தீரவில்லை. பிரேக் பிடிக்கும்போது காரின் மூக்கு தாழ்கிறதே, அந்த நேரத்தில் ஏணி நுனியும் தாழுமல்லவா? ஒருவேளை கம்பிக்கு முன்னால் அவள் பிரேக்கை விட்ட கணத்தில்தான் இடித்ததோ? பின் இருக்கையில் என் மகன் உட்கார்ந்தால் எவ்வளவு ஏறும்? (அவன் மெலிந்தவன் இல்லை.) தங்கள் அலுவலகத்தில் இதெல்லாம் தெரிந்தவர்கள் இருப்பார்கள். நேரம் இருந்தால் ஒருவரை அனுப்புங்கள், முற்றத்தில் எல்லாம் தயாராக இருக்கிறது. டிரெய்லர் இழுப்பவர்கள் அதை மாட்டி, சுமை ஏற்றிய பிறகே உயரத்தை அளக்க வேண்டும் என்று கம்பிக்கு முன்னால் ஒரு பலகை வைத்தாலும் புண்ணியமாகப் போகும்.

10. இனி என் கோரிக்கை. கம்பியை வளைத்ததற்கான அபராதத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, இடித்தது இடித்ததுதான். ஆனால் திங்கட்கிழமை விசாரணையில், பொய் சொன்னேன் என்று மருமகள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் உரிமம் அடுத்த மாதமே கிடைக்கும், மறுத்தால் ஒரு வருடம் ஆகும் என்று தங்கள் எழுத்தர் சொல்லியிருக்கிறார். "போட்டுத் தொலையேன், யாரு அதப் படிக்கப் போறா" என்கிறான் என் மகன். அவள் முடியாது என்கிறாள். மூன்று நாளாகப் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை. எனக்கும் அவளுக்கும் ஆகாது என்பது தெருவுக்கே தெரியும். ஆனாலும் இந்த விஷயத்தில் நான் அவள் பக்கம்.

11. அய்யா, இந்தப் பெண் வீட்டுக்கு வந்த முதல் வாரமே நான் ஆசையாகத் தைத்துக் கொடுத்த ரவிக்கையைப் போட்டுப் பார்த்துவிட்டு, "கழுத்து கோணலா இருக்கு அத்தை" என்றாள். என் சமையலில் உப்பு அதிகம் என்று விருந்தாளிகள் முன்னால் சொன்னாள். ஒரு வார்த்தை பொய் சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் என்றைக்கோ சமாதானம் வந்திருக்கும். என் முகத்துக்காகக்கூடச் சொல்லாத பொய்யை, தங்கள் மூன்று விரலுக்காகவா அவள் சொல்லப்போகிறாள்? அந்தக் குறிப்பைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். திங்கட்கிழமை அவளோடு நானும் வருவேன். பொய்க்காரி என்ற பெயரோடு அவளை வீட்டுக்குத் திருப்பிக் கூட்டி வர எனக்கு மனம் இல்லை.

இடம்: முன் அறை, தையல் இயந்திரத்தின் மேல் வைத்து எழுதியது
நாள்: விசாரணைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை

தங்கள் நல்ல முடிவுக்குக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
ஓட்டுநரின் மாமியார்