ஆறு ஞாயிறாய் ஏறாத சார்ஜ்

விருத்தாசலம்
16.6.2009

அன்பு மகள் பூங்கோதைக்கு அம்மா எழுதிக்கொள்வது. பழமலைநாதர் புண்ணியத்தில் இங்கே நானும் சௌக்கியம், உங்கப்பாவும் சௌக்கியம், பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுப்போன வீடியோ கேம் பெட்டியும் சௌக்கியம். அதோடு கொடுத்த இரண்டு கன்ட்ரோலரில் ஒன்று சௌக்கியம், இன்னொன்று காலமாகிவிட்டது, அந்தக் கதை பின்னால் வருகிறது. அங்கே நீ எப்படி இருக்கிறாய்? உன் கன்ட்ரோலரையும் விசாரிப்பதுதான் முறை, ஆனால் அதற்கு ஆறு வாரமாக உடம்பு சரியில்லை என்று எங்கள் தெருவுக்கே தெரிந்திருப்பதால் உன்னை மட்டும் விசாரிக்கிறேன். ஆம்ஸ்டர்டாமில் இன்னமும் மழையா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுகிறாயா? இதையெல்லாம் போனிலேயே கேட்கலாமே, இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். போனில் பேசினால் உங்கப்பா பக்கத்து நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொண்டு, படிக்காமல், என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டியது இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் வந்த பார்சலுக்குள் பேப்பர் சுற்றி வைத்திருக்கும் வெள்ளைச் சாமானைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இது சோப்பு டப்பாவா விளக்கா என்று நீ முழித்துக்கொண்டிருப்பாய், அதற்கும் விளக்கம் வரும், பொறுமையாகப் படி.

முதலில் வீட்டுச் சேதி. கம்மாபுரத்தில் உன் மாமா சுப்பிரமணியன் நிலத்தைச் சுரங்கத்துக்காக மறுபடியும் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், எடுப்பார்களா மாட்டார்களா என்று கேட்டால் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லையாம், மாமா இந்த வருஷம் விதைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஆபீசு ஆபீசாக அலைகிறார். உன் அத்தை அம்சவல்லி வழக்கம்போல உன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாள், நானும் வழக்கம்போலக் காப்பி வேண்டுமா என்று கேட்டேன். கரண்ட்டுதான் பெரிய தொல்லை, தினமும் இரண்டு மணி நேரம் போகிறது, எப்போது போகும் என்று சொல்கிறார்களோ அப்போது போவதில்லை, மிச்ச நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் போகிறது. இதைப் படித்து நீ கவலைப்பட வேண்டாம், இந்த வீட்டில் கரண்ட்டைப் பற்றிக் கவலைப்பட ஒருத்தரைத் தனியாக நியமித்திருக்கிறோம். அவர்தான் உங்கப்பா.

உனக்கே தெரியும், முப்பத்தோரு வருஷம் பீங்கான் கம்பெனியில் சூளை மேற்பார்வை பார்த்த மனுஷன், போன வருஷம் வேலையிலிருந்து வந்த பிறகு வீட்டில் சுடுவதற்கு என் சோற்றுப்பானையைத் தவிர ஒன்றும் இல்லை. அடுப்பை இவ்வளவு ஏற்று, அவ்வளவு இறக்கு என்று என் பின்னாலேயே நின்று உயிரை எடுத்தார். நீ அந்தப் பெட்டியை வைத்துவிட்டுப் போனாய், ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் இங்கேயும் நீ அங்கேயும் கார் ஓட்டுவது என்று ஏற்பாடு செய்தாய், எனக்கு அடுப்பங்கரை திரும்பக் கிடைத்தது. அதற்காகவே உனக்குக் கோயில் கட்டலாம். ஆனால் நான் சொல்ல வந்தது அதில்லை. போனில் உன்னோடு அவர் பேசும் அழகு உனக்குத் தெரியும். ஆங், நல்லாருக்கியா, சரி, இந்தா அம்மாட்ட குடுக்கறேன், அவ்வளவுதான், எட்டு வருஷமாக அதே நாலு வார்த்தை. அதே மனுஷன் அந்த மைக்கைக் காதில் மாட்டிக்கொண்டு கார் ஓட்டும்போது, ஏய் வுடாத, லெப்ட்ல ஒடி, அய்யய்யோ போயிட்டியே என்று கத்துவார், சிரிப்பார், எதிர்வீட்டுப் பூவாயி என்னம்மா வூட்ல விசேஷமா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். மாசி மகத்துக்கு அடுத்த ஞாயிறு ஓட்டிக்கொண்டே உன்னிடம் ஒன்று சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? வேலையை விட்டு வந்த அன்று கடைசியாக ஒருதரம் சூளையைப் பார்த்துவிட்டு வரேன் என்று உள்ளே போய், அங்கேயே நின்று அழுதேன் என்றார். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன், அப்படியே கை நின்றுவிட்டது. என்னிடம் அவர் அதைச் சொன்னதில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணு ஏன் சிவந்திருக்கு என்று கேட்டதற்குப் புகை என்றார், நானும் நம்பினேன். அந்த ஞாயிறு ஒரு மணி நேரம் போனால் அவருக்குப் பேச வேறு நேரம் கிடையாது, இதை நான் சும்மா எழுதவில்லை, நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

இனி கன்ட்ரோலர் கதை. மே மாதம் முதல் ஞாயிறு காலையில் நீ போன் செய்து, இன்னிக்கு ஆட முடியாதும்மா, கன்ட்ரோலர்ல சார்ஜ் இல்ல, ஏறவும் மாட்டேங்குது என்றாய். நான் சொன்னேன், அவர் தலையை ஆட்டினார், குளிர் தேசத்துல பேட்டரி சீக்கிரம் படுத்துடும் போல என்று உனக்காக அவரே ஒரு காரணமும் கண்டுபிடித்தார். அடுத்த வாரம் ஒயரைக் காணோம் என்றாய். அதற்கடுத்த வாரம் வந்தாய், பத்து நிமிஷத்தில் சிவப்பு விளக்கு எரியுதுப்பா என்று போய்விட்டாய். உங்கப்பா விடுவாரா? எம்பொண்ணுக்குப் பாதுகாப்பா, வசதியா சார்ஜ் ஏத்த ஒரு வழி கண்டுபிடிச்சுக் குடுக்காம வுட மாட்டேன் என்று இறங்கிவிட்டார். நம் பெட்டியில் ஒயரைச் சொருகினால் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் சார்ஜ் ஏறுகிறது, அணைத்தால் நின்றுவிடுகிறது. ஆட்டம் இல்லாத பெட்டியைச் சும்மா ஓடவிட்டு, நடுவில் கரண்ட்டு போய், வந்து, மறுபடி போய், அவருக்கு அது பிடிக்கவில்லை. மங்கலம்பேட்டைக்குப் பஸ்ஸு ஏறிப் போய், துபாய்ச் சாமான் விற்கிற கபூர் பாய் கடையில் ஒரு ஸ்டாண்டு வாங்கிவந்தார், சுவரில் சொருகிவிட்டு இரண்டு கன்ட்ரோலரையும் அதில் உட்காரவைத்தால் போதுமாம். இங்கே சோதித்துப் பார்த்து நன்றாக இருந்தால் உனக்கும் ஒன்று அனுப்புவது என்று திட்டம். கபூர் பாயும் நேர்மையான மனுஷர்தான், அண்ணே நம்பி எடுத்துட்டுப் போங்க, ஆனா இதுல பேரும் இல்ல ஊரும் இல்ல, எதனா ஆச்சுன்னா என்னைக் கேக்காதீங்க என்று சொல்லியே கொடுத்திருக்கிறார்.

அந்த வாரம்தான் எங்கேயோ செல்போன் சார்ஜில் இருக்கும்போது வெடித்தது என்று பேப்பரில் போட்டிருந்தான். உங்கப்பா அதைக் கத்தரித்துக் காலண்டர் ஆணியில் மாட்டினார். பிறகு கம்பெனிக்குப் போய் அவரோடு வேலை பார்த்த கலியமூர்த்தியிடம் ஒரு மண்பெட்டி வாங்கிவந்தார். பொம்மைகளை உள்ளே வைத்து மூடிச் சூளையில் அடுக்குவார்களே, அந்தக் கனத்த பெட்டி. நெருப்பு பட்டாலும் ஒன்றும் ஆகாத பெட்டி, அதனால் அதற்குள் வைத்துச் சார்ஜ் ஏற்றினால் வெடித்தாலும் வீட்டுக்கு ஆபத்தில்லை, இதுதான் அவர் கணக்கு. சூளையில் எதையும் முதலில் ஒன்று வைத்துச் சுட்டுப் பார்ப்பது வழக்கமாம், அதனால் ஒரு கன்ட்ரோலரை மட்டும் ஸ்டாண்டோடு உள்ளே வைத்தார். ஒயர் வர மூலையில் ஓட்டை போட்டார். மூடியைப் போட்டார். அதோடு விட்டாரா, மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த இடுக்கை ஈரக் களிமண்ணால் பூசி அடைத்தார். மேலே கற்பூரம் ஒன்றுதான் ஏற்றவில்லை. நல்ல மே மாத மத்தியானம், வெளியிலேயே வெந்துகொண்டிருந்தது. முக்கால் மணி நேரத்தில் பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது. ஏங்க, வாடை வருதுங்க என்றேன். மொத சூட்டுக்கு அப்படித்தான் வாடை வரும் என்றார். அடப்பாவி மனுஷா, இது சூளையா என்று நானே போய் ஒயரைப் பிடுங்கினேன். திறந்து பார்க்கலாம் என்றால் கையைத் தட்டிவிட்டார், ஆறாம தொறந்தா வெடிப்பு வுட்டுடும் என்று இரண்டு மணி நேரம் அந்தப் பெட்டிக்குக் காவல் உட்கார்ந்தார். கடைசியில் களிமண்ணைச் சுரண்டித் திறந்தால், ஸ்டாண்டு உருகி வழிந்து கன்ட்ரோலரோடு ஒட்டிக்கொண்டிருந்தது, பேட்டரி பூரி மாதிரி உப்பிக் கிடந்தது. கடவுள் புண்ணியம், வெடிக்கவில்லை.

ஜங்ஷன் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் பார்க்கிற கோகுலகிருஷ்ணனிடம் அதை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுபோனார். அவன் பார்த்துவிட்டு, ஸ்டாண்டு சுமாருதான் சார், ஆனா கொன்னது நீங்கதான் என்றானாம். சூளைக்குச் சூடு உள்ள நிக்கணும், பேட்டரிக்குச் சூடு வெளிய போவணும், நீங்க வேலை பாத்த எடத்துப் பழக்கத்த வூட்ல காட்டிட்டீங்க என்றானாம். முப்பத்தோரு வருஷமாகச் சூடு வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்கியவரிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும்? அன்று இரவு இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார். மறுநாளிலிருந்து மிச்சமிருந்த கன்ட்ரோலருக்கு நோட்டுப் போட்டுவிட்டார். எத்தனை மணிக்குச் சொருகினார், எத்தனை மணிக்கு விளக்கு நின்றது, தொட்டால் எவ்வளவு சூடு, எல்லாம் அதில் இருக்கிறது. அவர் கண்டுபிடித்ததை உனக்கு எழுதச் சொன்னார், எழுதுகிறேன், அவர் சொன்ன வரிசையிலேயே. பெட்டியோடு வந்த ஒயரைத் தவிர வேறு ஒயரைப் போடாதே. மெத்தை மேலேயும் தலையணைக்கு அடியிலும் வைத்து ஏற்றாதே. மூடாதே, இதை அவர் இரண்டு தடவை சொன்னார். ஏறி முடிந்ததும் பிடுங்கிவிடு, சொருகிவிட்டு வெளியே போகாதே. பேட்டரி கொஞ்சம் உப்பினாலும் அதைத் தொடாமல் மாற்றிவிடு.

இதோடு நின்றிருந்தால் தபால் செலவு மிச்சம். நிற்கவில்லை. பேப்பர் சுற்றிய அந்தச் சாமான்தான் உனக்காக அவர் செய்த சார்ஜ் ஏற்றும் தாங்கி. முழுக்கப் பீங்கான், நாலு பக்கமும் திறந்தது, அடியில் காற்றுப் போக ஒன்பது ஓட்டை, பின்னால் ஒயருக்கு ஒரு பள்ளம். கலியமூர்த்தியிடம் கம்பெனிச் சூளையில் ஒரு மூலை கேட்டு வாங்கிச் சுட்டார். முதல் இரண்டும் வெடித்துவிட்டன, மூன்றாவது கோணலாகிவிட்டது, அதில் நான் ஊதுபத்தி வைத்திருக்கிறேன். நாலாவதுதான் உன் கையில் இருப்பது. ஊரில் ஒவ்வொருத்தரிடமும் எம்பொண்ணு கன்ட்ரோலர்ல சார்ஜ் நிக்கமாட்டேங்குது, அதுக்குத்தான் என்று சொல்லிவைத்திருக்கிறார். கோயிலில் குருக்கள்கூட, பாப்பாவுக்கு இப்ப சார்ஜ் ஏறுதா என்று என்னைக் கேட்டார்.

பூங்கோதை, உன்னைப் பெற்றவள் நான். போன புதன்கிழமை என்னிடம் பேசும்போது, ஆபீசு சிநேகிதர்கள் வந்தாங்கம்மா, நாலு மணி நேரம் ஆடினோம், செம ஜாலி என்றாய். சொல்லிவிட்டுச் சட்டென்று பேச்சை மாற்றினாய். நான் கேட்கவில்லை. கோபமும் இல்லை. இருபத்தேழு வயதுப் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவோடு கார் ஓட்டுவதைத் தவிர ஆயிரம் வேலை இருக்கும், இருக்கத்தான் வேண்டும். ஆனால் பாவம், இந்த மனுஷன் இப்படி ஏமாளியாக மண்ணைப் பிசைந்துகொண்டிருக்கிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது. நேற்று அந்தத் தாங்கியைப் பேப்பரில் சுற்றிக் கட்டும்போது பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். ஏங்க, அவ கன்ட்ரோலருக்கு ஒரு கேடும் இல்ல, அவளுக்கு ஆட வர முடியல, அதச் சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு சார்ஜ் இல்லங்கறா, நீங்க ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சுக்கிட்டு இருக்கீங்க என்றேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. சணலை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, தெரியும் வாசுகி, மொத வாரமே தெரியும் என்றார். அப்புறம் எதுக்குங்க இவ்ளோ பாடு என்று கேட்டேன். முடிச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு, சார்ஜ் இல்லன்னா நான் எதனா செய்யலாம், வர இஷ்டமில்லன்னா நான் என்னா செய்யறது, அதான் சார்ஜுன்னே வச்சுக்கிட்டேன் என்றார். நான் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் சொன்ன இந்தப் பேச்சை நான் எழுதியது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். உன்னை வா என்று கட்டாயப்படுத்தவும் இல்லை. வர முடிந்தால் வா. முடியாத வாரம், இந்த வாரம் முடியலப்பா, அடுத்த வாரம் பாக்கலாம் என்று அவரிடமே சொல், என்னிடம் சொல்லி அனுப்பாதே, அவர் தாங்குவார். எண்ணெய் தேய்த்துக் குளி, வெளியே போகும்போது குடை எடுத்துக்கொள், நோய் நொடி இல்லாமல் நிறைந்த ஆயுசோடு நீ நன்றாக இருக்கவேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே, இனிமேல் தயவுசெய்து சார்ஜ் இல்லை என்று சொல்லாதே, அவர் மறுபடியும் மண்ணைப் பிசைய உட்கார்ந்துவிடுவார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
வாசுகி